பழைய ஆம்னியில் இடி, உதறல், ஸ்டீயரிங் ஆட்டம்: எதற்குப் பின் எதைப் பார்ப்பது

"அண்ணே, அடியில ஏதோ சத்தம் வருது, ஸ்டீயரிங்கும் சரியில்ல." ஆம்னியைப் பட்டறையில் விடுகிறவர்கள் பாதிப் பேர் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். இது ஒரே கோளாறாகவும் இருக்கலாம், சம்பந்தமில்லாத இரண்டாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் பாதி வண்டியை மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

வண்டியின் அமைப்பை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்குப் போகிறது. இழுப்பது பின்சக்கரம், திரும்புவது முன்சக்கரம். ஆல்ட்டோ, 800 ஓட்டிப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். அந்த வண்டிகளில் வளைவில் டக் டக் என்றால் முன்பக்க டிரைவ் ஷாஃப்ட்டைச் சந்தேகிக்கலாம். ஆம்னியின் முன்பக்கம் டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது. ஈகோவுக்கும் இதே அடிப்படைதான். கீழே சொல்லும் வரிசை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

1. பெயர் வைக்காதீர்கள், எழுதி வையுங்கள்

"கிராஸ் போச்சு" (புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு), "ரேக் போச்சு" (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்) என்று முதலிலேயே பெயர் வைத்துவிட்டால் கண்ணும் காதும் அதைத் தவிர வேறு எதையும் தேடாது. ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த வேகத்தில் வருகிறது, எந்த கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, நேராகப் போகும்போதா திரும்பும்போதா. வண்டி காலியா, லோடோடு இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை ஏற்றிப் போகும்போது வரும் சத்தம் காலியாக வீட்டுக்கு வரும்போது வரவில்லை என்றால் அதுவே பெரிய துப்பு.

2. வேண்டிய சாமான்கள்

கெட்டியான சமதளத் தரை முதல் தேவை. மண் தரையில் ஜாக்கி மெல்ல இறங்கும், நமக்குத் தெரியாது. அப்புறம் ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நான்கு கட்டை, காற்றழுத்த மீட்டர், ஸ்பேனர் செட், நல்ல டார்ச், நடுத்தர நீளத்தில் ஒரு கடப்பாரை, பெயின்ட் அல்லது சாக்பீஸ், ஒயர் பிரஷ். செங்கல்லை ஸ்டாண்டாக வைக்காதீர்கள். பாரம் ஏறி நசுங்கும்போது அது எச்சரிக்காமல் ஒரே நொடியில் உடையும்.

கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பாதி சோதனைகள் ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்ட, இன்னொருவர் அடியில் கை வைத்துப் பார்க்கிறவை. தனியாக வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதற்கும் அந்த ஆள்தான் காவல்.

3. டயரும் காற்றும்

இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். ஆம்னிக்கு 12 அங்குலச் சின்னச் சக்கரம். காற்று கொஞ்சம் குறைந்தாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் "ஸ்டீயரிங் டைட்" என்ற புகாரில் ஒரு பங்கு காற்றுப் பம்பிலேயே தீர்ந்துவிடும். டயர் சூடாகாத காலை நேரத்தில், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் கையேட்டைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு அளவு சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அடுத்து உள்ளங்கையால் டயர் பட்டனை (தரையில் படும் ரப்பர் கட்டைகளை) குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி கீறினால் டோ அளவு (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) தவறியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடிய வண்டி, நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது ஆடுகிறது. பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைப்பு இருந்தால் அந்த டயரோடு ரோட்டுச் சோதனைக்கே போக வேண்டாம். சக்கர நட்டுகளையும் இப்போதே டைட் பாருங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம், வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். (திசைக்குறி போட்ட டயருக்கு இது ஆகாது.) இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் மட்டும் அந்த இழுப்புக்கு வேறு காரணம் தேடுங்கள்.

4. ரோட்டில் ஒரு சுற்று

நெரிசல் இல்லாத, நேரான, நல்ல ரோடு வேண்டும். விடிகாலையில் மேலூர் நான்குவழிச் சாலை சரியாக இருக்கும். கோரிப்பாளையத்தில் சோதனை செய்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சீராக வேகத்தைக் கூட்டி 60-க்கு வாருங்கள். உதறல் ஸ்டீயரிங் வளையத்தில் தெரிந்தால் முன்சக்கரம். பேலன்சிங்கும் ரிம் வளைவும் முதல் சந்தேகம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட்.

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே வேகத்தில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். உதறல் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரம், ஷாஃப்ட், பின் ஆக்சில் சம்பந்தப்பட்டது. ஏனென்றால் நியூட்ரலிலும் அவை சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டென்று அடங்கினால் எஞ்சின், கிளட்ச், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் பக்கம் பாருங்கள். இந்தச் சோதனையில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்ல மறந்து ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வரும் வரை எனக்கு நெஞ்சு படபடத்தது.

உய்ய்ங் என்று ஊளைச் சத்தம் இருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் கேளுங்கள். மிதிக்கும்போது ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல். எப்படி மிதித்தாலும் மாறாமல், லேன் மாறுவதுபோல் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் ஒடிக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பாருங்கள்.

நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவும் காரணம். ஸ்டீயரிங்கில் ஆயிரம் வேலை பார்த்தாலும் இது தீராது.

5. நின்ற இடத்தில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும்

எஞ்சின் ஐடிலில், நியூட்ரலில், கிளட்ச்சில் கால் வைக்காமல் கேளுங்கள். அப்போது வரும் கரகர சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். ஆனால் செலவு ஒன்றல்ல. தெரியாமல் போனால் பெரிய பில்தான் வரும்.

ரிவர்ஸ் போடும்போது கர்ர் என்றால் கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் அரைத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கேபிள். கேபிள் இழுபட்டுப் பெடலில் சும்மா ஆட்டம் அதிகமாகியிருக்கும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினாலும் தப்பு. கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் நின்று வழுக்கும், தட்டு தேயும். அளவு கையேட்டில் இருக்கிறது.

வழுக்குகிறதா என்று பார்க்க: ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்கள், முன்னால் ஆள் நிற்கக் கூடாது, மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளட்ச் நல்லது. ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு முடிந்தது. ஒருமுறை போதும். நம்பிக்கை வரவில்லை என்று ஐந்துமுறை செய்தால் நல்ல தட்டையும் கருக்கிவிடுவீர்கள்.

6. தூக்குவதற்கு முன் கட்டை

பின்சக்கர வண்டியில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. கியரில் நிறுத்தினாலும் பிடிப்பது பின்சக்கரத்தையே. பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் வண்டியை நிறுத்த ஒன்றுமே இல்லை, முன்சக்கரம் உருளும். ஆகவே பின்பக்கம் தூக்கும் முன் முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை. முன்பக்கம் தூக்கும்போது பின்சக்கரத்துக்குக் கட்டையும் ஹேண்ட்பிரேக்கும். ஜாக்கியின் மேல் மட்டும் வண்டி நிற்கும்போது அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

7. ஸ்டீயரிங்: மேலிருந்து கீழாக

முதலில் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். முன்சக்கரம் நேராக நிற்க, ஸ்டீயரிங் வளையத்தை ஒரு விரலால் இருபுறமும் அசையுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் முன் வளையம் நகரும் தூரம்தான் ஆட்டம். ஓரத்தில் அளந்து 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் எங்கோ தேய்ந்திருக்கிறது. எங்கே என்பதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு ஏற்றும் ஒரு வண்டியில் என் அக்கா மகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். சாக்கை விரித்து அடியில் படுத்தவன் டார்ச்சை அடித்துக் கண்ணால் தேடிக்கொண்டே இருந்தான். நான் மேலே ஸ்டீயரிங்கை விரல் அகலத்துக்கு இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, எல்லாமே ஆடுது, எதுன்னு தெரியல." கண்ணை மூடு, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடி என்றேன். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் கீழ் ஜாயிண்ட், ரேக்கின் உள்முனை, ரேக்கின் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டான டை ராட் எண்ட் என்று கை நகர்ந்தது. வலப்பக்க டை ராட் எண்டில் பெருவிரலை வைத்ததும், "இந்தா, இங்க டொக்குன்னு இடிக்குது." கம்பி நகர்ந்து ஒரு கணம் கழித்துத்தான் சக்கரத்தின் கை நகர்ந்தது. அந்த ஒரு கணத்தைக் கண் பார்க்காது, விரல் பிடித்துவிடும்.

இப்போது முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டும் ரேக்கும் பேசும். 12, 6 இடங்களில் ஆட்டினால் வீல் பேரிங்கோ லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டோ. இரண்டையும் பிரிக்க, கூட இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். கடப்பாரையைக் கொடுத்து ஆர்மை மெல்ல நெம்பினால் உறுதியாகிவிடும்.

அடுத்து ரேக் பூட். அந்த ரப்பர் உறை கிழிந்திருந்தால் ரேக்குக்கு நாள் எண்ணப்படுகிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதி கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். ஐப்பசி மழையில் தண்ணீரும் சேர்ந்தால் துரு. பூட் மட்டும் கிழிந்து ரேக் இறுகாமல் இருக்கும்போதே மாற்றிவிட்டால் மலிவாகத் தப்பிக்கலாம்.

திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் நின்றால் பலர் ரேக்கை மாற்றுவார்கள். அதற்கு முன் சாக் அப்சார்பரின் தலைப்பக்க பேரிங்கைப் பாருங்கள். சக்கரம் தூக்கிய நிலையில் சுருள் ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்து, இன்னொருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். ஸ்பிரிங் சீராகச் சுற்றாமல் விறைத்து, பிறகு டங் என்று தாவினால் அந்த பேரிங் இறுகிவிட்டது.

டை ராட் எண்ட் மாற்றும்போது மூன்று தவறு வழக்கமாக நடக்கும். ஒன்று, லாக் நட்டுக்கு அருகே பெயின்ட் குறி வைக்காமலும் மரையை எண்ணாமலும் கழற்றுவது. அப்புறம் அலைன்மென்ட் கடை வரைகூட வண்டி நேராகப் போகாது. இரண்டு, பழைய ஸ்ப்ளிட் பின்னையே நிமிர்த்தித் திரும்பப் போடுவது. ஒருமுறை வளைந்த கம்பி மறுமுறை ஒடியும். மூன்றாவது எல்லாவற்றிலும் மோசம்: பின்னுக்கான ஓட்டை நேர்வரவில்லை என்று நட்டைத் தளர்த்துவது. எப்போதும் முன்னோக்கி முறுக்கித்தான் ஓட்டையைச் சேர்க்க வேண்டும். தளர்த்தினால் கூம்பு உட்காராமல் ஆடி, துளையையே தின்றுவிடும்.

பால் ஜாயிண்ட் அல்லது டை ராட் எண்டில் கையாலேயே ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். பாகத்தை வீட்டுக்கு வாங்கி வாருங்கள், அல்லது வண்டியை லாரியில் ஏற்றிப் போங்கள்.

8. புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் கிராஸும்

முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது ஒரு டங், ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு டங், மெதுவாகப் போகையில் சக்கர வேகத்தோடு சேர்ந்து கீச் கீச். இவை கிராஸ் தேய்ந்ததன் அடையாளம். கீச்சென்பது உள்ளே ஊசி பேரிங் வறண்டுவிட்டது என்று அர்த்தம். டங் என்பது வறண்டு தேய்ந்தே போய்விட்டது.

சக்கரம் தரையில், நான்கிலும் கட்டை, ஹேண்ட்பிரேக் இழுத்து, கியர் நியூட்ரலில். ஷாஃப்ட்டை ஒரு கையிலும் பின்பக்க யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் கவையை) மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து கொஞ்சம் சுற்றினால் அது டிஃப்ரன்ஷியல் பல்லின் இடைவெளி. சிறிதளவு இருக்கத்தான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிரவுனைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர் விண்டிருந்தாலும் இதே டங் வரும். டார்ச் அடித்து அதையும் பாருங்கள்.

கழற்றும் முன், ஷாஃப்ட்டும் பின் ஆக்சிலும் போல்ட்டால் சேரும் ஃபிளாஞ்ச் தட்டு இரண்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் திரும்பப் போனால்தான் பேலன்ஸ் நிற்கும். கோடு போடாமல் நானே ஒருமுறை கழற்றினேன். புது கிராஸ் போட்ட பிறகு முன்பு இல்லாத உதறல் வந்தது; ஃபிளாஞ்சை அரைச்சுற்று திருப்பி மாட்டியதும் போய்விட்டது. முன்முனை கியர்பாக்ஸுக்குள் செருகியிருப்பதால் உருவியதும் ஆயில் ஒழுகும். வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துங்கள், ஒழுகும் இடத்தில் ஒரு தட்டை வையுங்கள். எவ்வளவு போனதோ அதைத் திரும்ப ஊற்ற மறக்காதீர்கள்.

கிராஸின் நான்கு முனையிலும் மாட்டும் கிண்ணத்தை அமுக்கும்போது பொறுமை வேண்டும். உள்ளே நிற்கும் மெல்லிய ஊசிகளில் ஒன்று சரிந்து அடியில் படுத்துக்கொண்டால் கிண்ணம் கடைசி ஒரு மில்லிமீட்டர் இறங்காது. கிண்ணத்தை நிறுத்தும் வளையக் கம்பியான சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் உட்காராது. புதியவர் உடனே பெரிய சுத்தியலை எடுப்பார். ஊசி நசுங்கும், யோக்கின் காது வளையும். இறங்கவில்லை என்றால் வெளியே எடுங்கள். கிண்ணத்துக்குள் கெட்டியான கிரீஸைத் தடவி ஊசிகளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி மறுபடி அமுக்குங்கள். வைஸ் இல்லையென்றால் லேத் பட்டறையில் பிரஸ் பிடித்துத் தருவார்கள். போட்டு முடித்ததும் நான்கு பக்கமும் கையால் தளர்வாக அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் சின்னதாக ஒரு தட்டு. கிண்ணம் சர்க்கிளிப்போடு போய் ஒட்டும், அசைவு வந்துவிடும்.

9. பின் ஆக்சிலும் ஆயிலும்

ஆயில் மாற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் போல்ட். அது துருப்பிடித்துக் கழலாவிட்டால் பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும். கீழ் போல்ட்டை முதலில் திறந்து வடித்துவிட்டு, மேலதைக் கழற்ற முடியாமல் நிற்கும் பரிதாபம் வேண்டாம்.

டிஃப்ரன்ஷியலுக்கு ஜி.எல். 5 தரத்து 80டபிள்யூ-90 ஹைப்பாய்ட் ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4. ஒரே டப்பாவை வாங்கி இரண்டிலும் ஊற்றாதீர்கள், ஜி.எல். 5-இல் உள்ள சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். சமதளத்தில், நிரப்பும் ஓட்டையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு வழக்கமான தேய்மானம். நகத்தில் மாட்டும் சில்லோ பல்லின் துணுக்கோ வந்தால் ஆயில் மாற்றிப் பயனில்லை, திறந்தாக வேண்டும்.

பின்சக்கர டிரம்முக்குள் ஆயில் வந்தால் சீல் மாற்றுவார்கள். மாற்றலாம். அதற்கு முன் ஆக்சிலின் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள். சேறு அடைத்துவிட்டால் ஓடும் சூட்டில் உள்ளே காற்று விரிந்து, வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். அடைப்பை எடுக்காமல் சீலை மட்டும் மாற்றினால் அந்தச் சீலும் அதிக நாள் நிற்காது.

10. கமான் பட்டை

ஸ்டீயரிங் புகாரில் பின்பக்கத்தைப் பார்ப்பவர் குறைவு. என் சொந்த ஆம்னி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஒரே கடையில் மூன்றுமுறை அலைன்மென்ட் செய்தேன். வெளியே வந்ததும் நேராக இருக்கும். ஆண்டிப்பட்டி கணவாய் ஏறி இறங்கினால் மறுபடி கோணல். கடைசியில் பின் ஆக்சிலைத் தாங்கும் வில் ஸ்பிரிங்கான கமான் பட்டையில் ஒரு பக்க நடுபோல்ட் அறுந்து, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டும் தளர்ந்திருந்தது தெரிந்தது. பின் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு டேப் போதும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளங்கள். முன்சக்கரம் நேராக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால் யூ போல்ட், நடுபோல்ட், பட்டையின் புஷ் எல்லாவற்றையும் பாருங்கள். அளவுக்கு மீறி ஏற்றும் வண்டிகளில் இதைத் தவறவிடவே கூடாது.

11. பாகம் வாங்கும்போது

ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. பாகம் கிடைக்காமல் இல்லை, போலியும் சேர்ந்து கிடைக்கிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய் மரை, கூம்பு, நீளம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். டை ராட் எண்டைக் கையில் பிடித்து அசைத்தால் எண்ணெய் போட்டதுபோல் இறுக்கமாக நகர வேண்டும். கடையிலேயே லொடலொடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

12. அலைன்மென்ட் கடைசியில்

பேலன்சிங்கை முதலிலேயே செய்யலாம். அலைன்மென்ட்டை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு. ஆடும் மூட்டின் மேல் வைத்த அளவு அடுத்த வேகத்தடையிலேயே மாறிவிடும். அதற்குப் பிறகு டை ராட் எண்ட் மாற்றினால் கொடுத்த காசு வீண்.

கடையில் வண்டியை ஏற்றும் முன் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் மூட்டைகளை இறக்கிவிடுங்கள். ஆம்னியில் திருப்பி வைக்கக்கூடியது டோ மட்டும்தான். கேம்பர் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கும் அளவு) தவறியிருக்கிறது என்று கடை தரும் அளவுச் சீட்டில் வந்தால் எதையும் முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. ஆர்ம், சாக் அப்சார்பர் குழாய் இவற்றில் ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது புஷ் போய்விட்டது. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டு, ஃபிளாஞ்ச் போல்ட், யூ போல்ட் மூன்றையும் மறுபடி டைட் பாருங்கள். டை ராட் எண்ட் மாற்றியிருந்தால் லாக் நட்டையும்.